எட்டாம் படிக்குக் கீழே போகாது

தம்பி, உன் கடிதம் நேற்று மதியத் தபாலில் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தேன். நல்ல செய்தி ஒன்று வைத்திருக்கிறேன். அதை இந்தக் கடிதத்தின் கடைசியில்தான் சொல்வேன். விடையை முதலில் பார்த்துவிட்டுக் கணக்கைப் பின்னாலிருந்து போடுகிற பழக்கம் உனக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே உண்டு. கடைசிப் பக்கத்தைத் திருப்பாதே. திருப்பினால் எனக்குத் தெரியப்போவதில்லை. ஆனாலும் திருப்பாதே. இரண்டு மாதமாக என் நெஞ்சில் கிடந்த கல் இன்று காலை இறங்கிவிட்டது என்பதை மட்டும் இப்போதைக்கு வைத்துக்கொள். பெற்றவள் மனசு லேசாக இருப்பதால் கை தன்போக்கில் எழுதும். பொறுத்துக்கொள்.

நீ இரண்டு விஷயம் எழுதியிருக்கிறாய். முதலாவது, திங்கட்கிழமை உன் கல்லூரியில் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குத் தொடர்முறைகளின் எல்லையை ஆரம்பிக்கப் போகிறாய். எங்கிருந்து தொடங்கினால் அவர்கள் தூங்காமல் இருப்பார்கள் என்று கேட்டிருக்கிறாய். இரண்டாவது, அப்பா. என் கடிதத்தின் அடியில் அவர் உனக்கு எழுதுகிற வரிகள் குறைந்துகொண்டே வருகின்றன என்கிறாய். கிரேஸைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நீ வீட்டுக்கு எழுதிய பிறகு வந்த முதல் கடிதத்தில் பத்து வரி. அடுத்ததில் ஐந்து. பிறகு மூன்று. போன கடிதத்தில் "நலம். அப்பா." அவ்வளவுதான். அடுத்த கடிதத்தில் அதுவும் இருக்காது, அதற்குள் கோயம்புத்தூரிலேயே ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டு பிறகு தெரிவித்தால் என்ன என்று கேட்டிருக்கிறாய். இந்த இடத்தைப் படித்ததும் சுவரில் சாய்ந்துவிட்டேன். இரண்டு கேள்வியும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்ற ஒரு மணி நேரம் ஆனது.

நம் கிணற்றின் கதை உனக்கு முழுதாகத் தெரியாது. நீ அப்போது மதுரையில் விடுதியில் இருந்தாய். லீவுக்கு வந்தபோது எல்லாம் அடங்கியிருந்தது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அதைச் சொல்கிறேன். திங்கட்கிழமை உன் பிள்ளைகளுக்கும் அதையே சொல். கடைசியில் உனக்கும் அது உதவும்.

காமயகவுண்டன்பட்டியில் நம் தோட்டமும் சித்தப்பா தோட்டமும் ஒரே கிணற்றை நம்பித்தான் இருக்கின்றன. ஒரு கிணறு, ஒரு மோட்டார், இரண்டு பங்கு. காலை ஆறு முதல் பத்து வரை அப்பா முறை. நடுவில் கிணறு மூச்சு வாங்க இரண்டு மணி நேரம். பன்னிரண்டு முதல் நான்கு வரை சித்தப்பா முறை. இது உன் தாத்தா காலத்து ஏற்பாடு. அவர் போட்ட இன்னொரு விதியும் உண்டு: கிணற்று மேட்டில் நின்று தண்ணீரைப் பற்றிப் பேசக் கூடாது. பேச்சு தடித்தால் ஊற்று ஒளிந்துகொள்ளுமாம். அண்ணன் தம்பி சண்டை கிணற்றடியில்தான் பிறக்கும் என்பதைக் கண்டவர், நல்ல எண்ணத்தில்தான் வைத்தார். அந்த விதியே நம்மைக் கவிழ்க்கப் பார்த்தது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மேகமெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் கொட்டித் தீர்த்துவிட்டு, நமக்கு வெறும் காற்றை அனுப்பியது. திராட்சைக் கொடியைக் கிளை வெட்டிக் கவாத்து முடித்து, பந்தலில் காய் திரள்கிற நேரம். அந்த நேரத்தில் திராட்சைக்குத் தண்ணீர் காட்டாவிட்டால் வருஷத்து உழைப்பு முழுவதும் சுண்டிப்போகும். அதுவரை சும்மா கிடந்த கிணறு மேல்படி வரை நிறைந்துதான் இருந்தது. மோட்டார் ஓடத் தொடங்கிய மறுநாள் காலை அப்பா எட்டிப் பார்த்தார். நான்கு படி காய்ந்திருந்தது. அடுத்த நாள் காலை ஆறு. அதற்கடுத்த நாள் ஏழு. அப்பா பேயறைந்த மாதிரி வந்து அடுப்படியில் உட்கார்ந்தார்.

"தெனமும் எறங்குது. இப்படியே போனா பழம் அறுக்குறதுக்குள்ள தரை தட்டிரும். வெடிக்காரகளக் கூப்புட்டுக் கெணத்தப் பத்து முழம் எறக்கிர வேண்டியதுதேன்" என்றார்.

அடுத்த தோட்டத்தில் முந்தின வருஷம்தான் வெடி வைத்துப் பாறை பிளந்து, இருந்த ஊற்றும் எங்கோ போய்விட்டது. அந்த வீட்டார் தோட்டத்தை விட்டுவிட்டுத் தேனிக்குப் பிழைக்கப் போனார்கள். நமக்கும் அந்தக் கிணற்றை விட்டால் வேறு கதி இல்லை. அத்தனை அடுக்குப் பாறைக்குள் இருக்கிற ஊற்றை யார் பார்த்தார்கள்? "ரெண்டு நாள் பொறுங்க" என்று சொல்லிவிட்டு நானே கிணற்றைப் பார்க்கப் போனேன். காலையிலும் போனேன், பள்ளிக்கூடம் விட்டு வந்து மாலையிலும் போனேன்.

ஒரு மணி நேரம் மோட்டார் ஓடினால் ஒரு படி இறங்குகிறது. இரண்டு பேர் முறையும் சேர்ந்து நாளுக்கு எட்டுப் படி. ஆனால் கிணறு சும்மா இருப்பதில்லையே. எவ்வளவு காலியாகிறதோ அவ்வளவு வேகமாக ஊறுகிறது. மாலையில் எத்தனை படி காய்ந்திருக்கிறதோ, அதில் பாதி விடிவதற்குள் நிரம்பிவிடுகிறது. முதல் நாள் மாலை எட்டு, காலையில் நான்கு. மறுநாள் நான்கோடு எட்டுச் சேர்ந்து மாலை பன்னிரண்டு, காலையில் ஆறு. பிறகு பதினான்கு, ஏழு. நான் போய் நின்ற அன்று மாலை பதினைந்து, காலையில் ஏழரை. அப்பா சொன்னது உண்மைதான், தினமும் இறங்குகிறது. ஆனால் எவ்வளவு இறங்குகிறது என்று அவர் பார்க்கவில்லை. இரண்டு படி, ஒரு படி, அரைப் படி. குறைவதே குறைந்துகொண்டு வருகிறது. எட்டோடு எட்டைக் கூட்டிப் பாதியாக்கினால் எட்டு. எட்டில் வந்து நின்றுவிட்டால் பிறகு நகர வழியில்லை. மாலையில் பதினாறாம் படி வரை இறங்கும். உறிஞ்சு குழாயின் வாய் பதினெட்டாம் படிக்கு நேரே இருக்கிறது. இரண்டு படித் தண்ணீர் எப்போதும் அதற்கு மேலே நிற்கும். தினமும் குறைகிற ஒன்று தீர்ந்துதான் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உன் பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடு. பாதிப் பேருக்கு வாழ்நாள் முழுக்க இது தெரிவதில்லை.

நான் வீட்டுக்கு வந்து, ஏதோ கோயிலில் வாக்குச் சொல்கிற மாதிரி, "காலைல தண்ணி எட்டாம் படிக்குக் கீழ போகாது. வெடியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று அறிவித்தேன். சித்தப்பா காதுக்கும் போனது. ஊருக்கே போனது என்று வை. டீச்சரம்மா கிணற்றுக்குக் கணக்குப் போட்டுவிட்டாள் என்று டவுன் பஸ்ஸில் கண்டக்டர் வரைக்கும் கேட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து அப்பா காலையில் வந்து, சிரிக்காமல் சொன்னார்: "எட்டாம் படின்னு சொன்ன. ஒம்பதும் காஞ்சு போச்சே, டீச்சரம்மா."

அன்றைக்குச் சாயங்காலம் மோட்டார் காற்று இழுத்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாயா? சளி பிடித்தவர் மூச்சு வாங்குவது போல இருக்கும். மறுநாள் பள்ளியில் கரும்பலகையில் எழுதவே கை வரவில்லை. இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்த பாடம் சொந்தக் கிணற்றில் பொய்த்துப்போனால் எந்த முகத்தோடு சாக்பீஸை எடுப்பது? வீட்டில் வெடிக்காரர்களுக்கு ஆள் அனுப்புகிற பேச்சு நடந்தது.

இங்கேதான் நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை உன் வகுப்பில் பாதிப் பேர் இதைச் செய்வார்கள், திட்டாதே. எல்லை என்ன என்று கண்டுபிடித்தேன். எல்லை இருக்கிறதா என்று பார்க்கவில்லை. ஓர் எண்ணை இரட்டித்து ஒன்றைக் கூட்டு, வந்ததை மறுபடி இரட்டித்து ஒன்றைக் கூட்டு என்று சொல்லிப் பார். ஒன்று, மூன்று, ஏழு, பதினைந்து என்று அது கண்மண் தெரியாமல் ஓடும். அதற்கு எல்லை உண்டு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் மைனஸ் ஒன்று என்று வெட்கமில்லாமல் விடை வந்து நிற்கும். விடை வந்துவிட்டதே என்று நம்பினால் நாம்தான் முட்டாள். என் கிணற்றுக் கணக்குக்கு ஒரு நிபந்தனை இருந்தது. தினமும் எடுப்பது எட்டுப் படியாகவே இருக்க வேண்டும். எட்டுதானா என்று நான் பார்க்கவில்லை. முறை என்றால் முறைதானே என்று நம்பிவிட்டேன்.

மதியத்துக்கு மேல் லீவு போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்ப் பந்தல் நிழலில் நின்றேன். மணி நான்கு ஆனது. மோட்டார் நிற்கவில்லை. நாலரைக்குத்தான் சித்தப்பா வந்து நிறுத்தினார். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கிப்போனது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"அண்ணே காலைல எத்தன மணிக்கு நிப்பாட்டுறாகன்னு யாரு பாத்தா, மதினி? தண்ணி தெனமும் எறங்கிக்கிட்டே போகுது. நானும் புள்ளகுட்டிக்காரந்தேன்."

எனக்கு ஒரே சந்தோஷம். கணக்கு தப்பில்லை, கள்ளன் அகப்பட்டுவிட்டான்! வரப்பில் வேகமாக நடந்தேன், அப்பாவிடம் போய்ச் சொல்வதற்கு. பாதி வழியில் கால் தானாக நின்றுவிட்டது. சித்தப்பா அரை மணி கூடுதலாக ஓட்டினால் நாளுக்கு எடுப்பது எட்டரைப் படி. எட்டரையோடு எட்டரையைக் கூட்டிப் பாதியாக்கினால் எட்டரை. அப்படியானால் எட்டரையில் அல்லவா நிற்க வேண்டும்? காய்ந்திருப்பது ஒன்பது. கிணறு ஒன்பதில் நிற்கிறது என்றால் யாரோ ஒன்பது படி எடுக்கிறார்கள். இன்னொரு அரை மணி எங்கே? வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த அரை மணி நம் வீட்டுக்குள்தான் இருந்தது.

அப்பா அப்போதுதான் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். காபியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"காலைல பத்து மணிக்கு மோட்டார நிப்பாட்டுறீகளா?"

"நிப்பாட்டாம?"

"பத்துக்கா, பத்தரைக்கா?"

டம்ளரைக் கீழே வைத்தார். "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கணக்கு சொல்லுச்சு."

அவர் வெடித்தார். "அவன் ஓட்டுறான்ல? நா மட்டும் இளிச்சவாயனா?"

"அவரு ஓட்டுனத நீங்க பாத்தீகளா?"

"பாக்கணுமாக்கும்? தெனமும் தண்ணி எறங்குதுல்ல?"

புரிகிறதா தம்பி? தண்ணீர் எப்படியும் எட்டு வரை இறங்கத்தான் செய்யும். யாரும் திருடாவிட்டாலும் இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்து அண்ணன் தம்பியைச் சந்தேகப்பட்டார், தம்பி அண்ணனைச் சந்தேகப்பட்டார். கேட்டுத் தெளிவோம் என்றால் கிணற்று மேட்டில் பேசக் கூடாது என்று விதி. கேட்பதற்குப் பதிலாக ஆளுக்கு அரை மணி கூட்டிக்கொண்டார்கள். கூட்டியதால் இன்னும் இறங்கியது. இன்னும் இறங்கியதால் சந்தேகம் உறுதியானது. அப்படியே விட்டிருந்தால் அடுத்த வாரம் ஆளுக்கு ஒரு மணி ஆகியிருக்கும். அப்புறம் எட்டும் இல்லை, ஒன்பதும் இல்லை. எல்லையே கிடையாது. கிணற்றைப் பாதியாகப் பிரித்துச் சுவர் எழுப்புவதில்தான் போய் முடிந்திருக்கும்.

மறுநாள் காலை, மாமனார் ஆத்மா என்னை மன்னிக்கட்டும், இரண்டு பேரையும் கிணற்று மேட்டுக்கே வரச் சொல்லிப் பேசினேன். மோட்டார் ரூம் சுவரில் சாக்பீஸால் எழுதிக் காட்டினேன். எட்டாம் வகுப்போடு நின்ற அண்ணனும், அதையும் தாண்டாத தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். யார் முதலில் அரை மணி கூட்டியது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்றைக்கும் அந்தப் பஞ்சாயத்து முடிந்திருக்காது. அதோடு, கேட்கத் தேவையும் இல்லை. அதுதான் இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம். நிறைந்த கிணற்றில் தொடங்கினாலும் எட்டுக்குத்தான் வரும். ஒன்பதில் தொடங்கினாலும் எட்டுக்குத்தான் வரும். எங்கே தொடங்கியது என்பதைக் கிணறு மறந்துவிடும். தினமும் எவ்வளவு எடுக்கிறோம், எவ்வளவு ஊற விடுகிறோம் என்பது மட்டும்தான் அதற்கு நினைவிருக்கும்.

"பழம் அறுக்குற வரைக்கும் முறைப்படி ஓட்டுங்க. அப்பவும் எறங்குனா வெடி வச்சுக்கங்க, நா வாயே தெறக்கல" என்றேன். சித்தப்பா தலையைச் சொறிந்துகொண்டு, "சரி மதினி" என்றார். அப்பா போய் மோட்டாரைப் போட்டார். அன்றைக்குப் பத்து மணிக்கு நிறுத்தியதை நான் கேட்டேன். பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போய் ஹெட்மிஸ்ட்ரஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்பது வேறு விஷயம்.

அடுத்த நாள் எட்டரை. அதற்கடுத்த நாள் எட்டேகால். அந்த வாரக் கடைசியில் அப்பா கால் நனைந்த ஈரத்தோடு அடுப்படிக்குள் வந்து, "எட்டாம் படி நனஞ்சிருக்கு" என்றார். மாவு பிசைந்த கையோடு நான் அழுதுவிட்டேன். அவரும் சும்மா இருக்காமல், "அழுறதுக்கு என்ன இருக்கு? ஒன் கணக்குதேன் செயிச்சிருச்சே" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எட்டாம் படியைத் தண்ணீர் சரியாகத் தொட்டதா, தொடாமல் பக்கத்திலேயே நின்றதா என்று உன் வகுப்பில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். தொடாவிட்டாலும் பரவாயில்லை என்று சொல். மோட்டார் காற்று இழுக்கவில்லை, திராட்சை காயவில்லை. எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கிரேஸைப் பற்றி நீ எழுதியபோது எனக்கும் சுருக்கென்றதுதான், மறைக்க மாட்டேன். போடி கடைவீதியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற குடும்பம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள், நம் வீட்டுக்குள் வந்து எப்படி என்று இரண்டு நாள் குழம்பினேன். அப்புறம் கிணறு எனக்கே பதில் சொன்னது. அவள் எங்கே தொடங்கினாள், நாம் எங்கே தொடங்கினோம் என்பதா முக்கியம்? என் குழப்பம் தீர்ந்தது. அப்பாவுக்குத் தீரவில்லை. நீ அவருடைய வரிகளை எண்ணிக்கொண்டிருந்தாய். அவர் உன் வரிகளை எண்ணிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியுமா? முன்பெல்லாம் உன் கடிதத்தில் பாதி அப்பாவுக்கு இருக்கும். மருந்து அடித்தாயிற்றா, என்ன விலை போகிறது, முட்டிவலி எப்படி என்று. அவர் பத்தை ஐந்தாக்கினார், நீ அரைப் பக்கத்தை நாலு வரியாக்கினாய். அவர் மூன்றாக்கினார், நீ "அப்பாவைக் கேட்டதாகச் சொல்லவும்" என்று முடித்தாய். யார் முதலில் என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். இரண்டு பக்கத்துக் கடிதத்தையும் படிப்பவள் நான் ஒருத்திதான். நடுவில் நின்று இரண்டு மாதம் தூக்கம் கெட்டவளும் நான்தான்.

கோபத்தில் வார்த்தை குறையும் தம்பி. எல்லா வீட்டிலும் குறையும். அது தானாக ஓரிடத்தில் நிற்கும். "நலம். அப்பா." என்பது அவருடைய எட்டாம் படி. அதற்குக் கீழே அவரால் போகவே முடியாது, எனக்கு அவரைத் தெரியும். ஆனால் அதைப் பார்த்துப் பயந்து நீ சொல்லாமல் கல்யாணத்தை முடித்துக்கொண்டால், அது நீ கூட்டிக்கொள்கிற அரை மணி. அதற்குப் பதிலாக அவர் ஒரு மணி கூட்டுவார். பிறகு என் கணக்கு எதற்கும் உதவாது.

நேற்று உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். ரிஜிஸ்தர் கல்யாணம் என்ற இடம் உட்பட, ஒரு வரி விடாமல். அவர் முகம் கறுத்தது. "பாத்தியா? பெத்தவனே வேணாம்னு ஆயிருச்சு அவனுக்கு" என்றார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "இப்ப அந்த அரை மணிய நீங்க ஓட்டுறீகளா, அவன் ஓட்டுறானா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். சாப்பாட்டுக்கு வந்தார், சாப்பிட்டதும் படுத்துவிட்டார். இன்று எனக்குப் பள்ளி லீவு. காலை பத்து மணிக்கு மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து, உனக்குப் பதில் எழுத நான் எடுத்து வைத்திருந்த இந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்தார். "எனக்கு எடம் விட்டு எழுது. பூராத்தையும் நீயே ரொப்பிராத" என்றார். நான் உனக்காக வைத்திருந்த நல்ல செய்தி அதுதான். கீழே என்ன எழுதப்போகிறார் என்று எனக்கும் தெரியாது. தெரியாமலேயே நிம்மதியாக இருக்கிறேன். அரைப் பக்கம் விட்டிருக்கிறேன். பேனாவை அவரிடம் கொடுக்கிறேன்.

அம்மா.

தம்பிக்கு. உன் அம்மா கிணற்றுக் கதையை எழுதிவிட்டாள் போலிருக்கிறது. சித்தப்பா நேற்று இருட்டுகிற நேரத்தில் மோட்டார் ரூமைப் பூட்ட வந்தான். கிணற்று மேட்டிலேயே நிற்க வைத்து விஷயத்தைச் சொன்னேன். கல்யாணத்தை இங்கே வைத்தால் பந்தலுக்கு மரம் அவன் தோட்டத்தில் வெட்டிக்கொள்ளலாம் என்றான். போடிக்கு நானும் அவனும் வெள்ளிக்கிழமை போய் அவர்கள் வீட்டாரைப் பார்த்துப் பேசுகிறோம். நீ அவசரப்பட்டு அங்கே ஒன்றும் செய்துவிடாதே. பழம் இன்னும் இருபது நாளில் அறுப்பு. அதற்குள் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. கம்பத்தில் இறங்கி டவுன் பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டாம், சித்தப்பா வண்டி அனுப்புகிறான். முட்டிவலி பரவாயில்லை. நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அந்தப் பிள்ளைக்குத் திராட்சை பிடிக்குமா என்று எழுது. அம்மாவுக்கு எழுத வேண்டாம். எனக்கு எழுது.

அப்பா.